ஒரு பிடி அரிசி

எங்கள் வீட்டுச் சமையலறையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், ஒரு பழைய பிஸ்கோத்து டப்பா இருக்கிறது. ஒரு காலத்தில் அதன் மேல் பூங்கொத்தின் படம் இருந்தது. இப்போது துருவின் படம்தான் இருக்கிறது. வீட்டுக்கு வருகிற உறவினர்கள், "இதைத் தூக்கி எறிந்துவிட்டு நல்ல டப்பா ஒன்று வாங்கக்கூடாதா?" என்று கேட்காமல் போவதில்லை. நானும், "வாங்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்து விடுவேன். நாற்பது வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தவனுக்குச் சும்மா இருப்பது அவ்வளவு சுலபமல்ல என்றாலும், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அது எனக்குக் கைவந்திருக்கிறது.

இந்த டப்பாவில் தினந்தோறும் இரண்டு பிடி அரிசி விழுகிறது. மத்தியானம் ஒன்று, இரவு ஒன்று. உலையில் அரிசியைப் போடுவதற்கு முன்னால், அளந்து வைத்ததிலிருந்து ஒரு பிடி எடுத்து இதில் போட்டுவிட வேண்டும். சேர்ந்த அரிசியை ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிற வழக்கம் இது.

இந்த வழக்கம் எங்களுக்கு மட்டுமே சொந்தம் என்று நான் பாத்தியதை கொண்டாட வரவில்லை. பிடி அரிசி எடுத்து வைத்து அன்னதானத்துக்குக் கொடுக்கிற இந்துக் குடும்பங்கள் நம் நாட்டில் எத்தனையோ உண்டு. தேசத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மிஜோரம் மலைகளில் 1910-ம் வருஷம் முதல் கிறிஸ்தவப் பெண்கள் இதே காரியத்தைச் செய்து வருகிறார்கள். அந்தக் கைப்பிடி அரிசி இப்போது வருஷத்துக்குக் கோடிக்கணக்கான ரூபாயாக மாறி, பள்ளிகளுக்கும் ஊழியங்களுக்கும் போகிறதாம். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பொருள் மலையளவு ஆவதைப் பற்றி வியந்து எழுத இதைக் காட்டிலும் நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதைப் பற்றியல்ல. அரிசி சேருகிற வீட்டில் ஒரு பிடி எடுத்து வைப்பது சுலபம். அரிசியே இல்லாத வீட்டில் அந்த ஒரு பிடியை ஏன் எடுக்க வேண்டும்? என் பதினோராவது வயதில் இந்தக் கேள்வியைக் கேட்டேன். விடை கிடைப்பதற்கு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பரீட்சையில் இவ்வளவு தாமதமாக விடை எழுதிய மாணவனை நான் ஒருபோதும் தேர்ச்சி பெற விட்டதில்லை. என் விஷயத்தில் வாசகர்கள் கொஞ்சம் கருணை காட்டுவார்களாக.

இடையன்குடியிலிருந்து நடந்தே போய்ச் சேரக்கூடிய ஒரு சிற்றூர் எங்களுடையது. செம்மணல் தேரியும் பனங்காடும் தவிர அங்கே வேறு செல்வம் கிடையாது. என் தகப்பனார் பனையேறி. மாசி, பங்குனியில் பாளை விட்டது முதல் ஆவணி வரையில் அவருக்கு உறக்கமென்பது அரை உறக்கந்தான். விடிவதற்கு முன்னால் அருவாள் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு புறப்படுவார். ஒரு பனையில் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் ஏற வேண்டும். பாளையைச் சீவிவிட்டு, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி விட்டு இறங்க வேண்டும். சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும்; கூடினால் கருப்பட்டி கெட்டுவிடும். இறக்கிய பதநீரை என் தாயார் விடிலியிலே காய்ச்சுவாள். உடைமுள்ளும் காய்ந்த ஓலையும் எரிகிற அந்தக் குடிசைக்குள் வைகாசி மாதத்து மத்தியானத்தில் அரை நாழிகை உட்கார்ந்தவர்கள், நரகத்தைப் பற்றிய பிரசங்கம் எதையும் தனியாகக் கேட்க வேண்டிய அவசியமில்லை. பாகு பதத்துக்கு வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி ஆற வைப்பாள். அந்தக் கருப்பட்டியின் மேல் வியாபாரி முன்னதாகவே பணம் கொடுத்திருப்பார். ஆகவே, எங்கள் வீட்டுக் கருப்பட்டி, பாளை விடுவதற்கு முன்பே பிறத்தியாருக்குச் சொந்தமாகி விடும்.

1964-ம் வருஷம் ஆனி மாதத்தில் ஒரு நாள், காற்று கடுமையாக அடித்துக் கொண்டிருந்தபோது, என் தகப்பனார் பனையிலிருந்து விழுந்தார். உயிர் போகவில்லை. இடுப்பெலும்பு முறிந்தது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு அவர் தடியூன்றி நடந்தாரேயொழிய, ஒரு பனையையும் தொடவில்லை. சாயங்கால வேளைகளில் திண்ணையில் உட்கார்ந்து, மற்றவர்கள் பனை ஏறுவதைப் பார்த்துக் கொண்டிருப்பார். அந்தப் பார்வையை விவரிக்க எனக்கு இன்னும் சக்தியில்லை.

பருவத்தின் பாதியிலே வருமானம் நின்று போயிற்று. வாங்கிய முன்பணம் மட்டும் நிற்காமல் வளர்ந்தது. அம்மா ஓலைப்பெட்டி முடைந்து விற்றாள். ஒரு நாள் முழுதும் முடைந்தால் ஒரு வேளைக்கு ஆகும். அரிசி கிடைத்த நாளில் அரிசி, இல்லாத நாளில் கம்பு, அதுவும் இல்லாத நாளில் மரவள்ளிக் கிழங்கு என்று எங்கள் வயிறு ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கியது. ஆனால் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த சிறு மண்கலயம் மட்டும் இறங்கவில்லை. அரிசியானால் அரிசி, கம்பானால் கம்பு, ஒரு பிடி அதற்குள் போய்க்கொண்டே இருந்தது.

ஐப்பசி மாதத்தில் ஒரு ராத்திரி. மழை பெய்து கொண்டிருந்தது. என் தங்கை பசியினால் அழுது அழுது விக்கிக் கொண்டிருந்தாள். அம்மா அரை ஆழாக்கு அரிசியைக் கஞ்சி காய்ச்சுவதற்காக எடுத்தாள். எடுத்தவள், வழக்கம்போல் அதிலிருந்து ஒரு பிடியை அள்ளிக் கலயத்தில் போட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் எழுந்து போய்க் கலயத்தைத் தூக்கி, அதிலிருந்த அத்தனையையும் உலைப் பானைக்குள் கொட்டப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக் கொண்டாள்.

"ஏலே, அது நம்மது இல்லே."

"பின்னே யாருது? நீதானே போட்டே?"

அம்மா என்னை உட்கார வைத்து, சாறிபாத் ஊர் விதவையின் கதையைச் சொன்னாள். பஞ்ச காலம். அந்த விதவையிடம் பானையில் ஒரு பிடி மாவும், கலசத்தில் கொஞ்சம் எண்ணெயும் மட்டும் இருக்கின்றன. தானும் மகனும் அதைச் சாப்பிட்டுவிட்டுச் செத்துப்போகலாம் என்று அவள் விறகு பொறுக்குகிறாள். எலியா தீர்க்கதரிசி வந்து, முதல் அடையை எனக்குக் கொடு என்கிறார். அவள் கொடுக்கிறாள். அதற்குப் பிறகு மழை பெய்கிற நாள் வரையில் பானையில் மாவு குறையவில்லை. கலசத்தில் எண்ணெய் வற்றவில்லை. ஞாயிறு பள்ளியில் நான் நூறு தரம் கேட்ட கதைதான்.

"அந்தப் பானையிலே மாவு தீரலே. நம்ம பானையிலே தீந்து போச்சே! அதுக்கு என்ன சொல்றே?" என்று கேட்டேன்.

அம்மா பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதை மறைக்கவும் இல்லை. பல வருஷங்களுக்குப் பிற்பாடு எனக்குத் தோன்றியது: அந்த ராத்திரி அவள் சும்மா இருந்ததுதான் எனக்குச் செய்த பெரிய உபகாரம். பொருந்தாத ஒரு சமாதானத்தை அவள் சொல்லியிருந்தால், நான் அன்றைக்கே அதை உடைத்து எறிந்திருப்பேன். அதோடு வேறு எதையெல்லாம் எறிந்திருப்பேனோ தெரியாது. வெகு நேரம் கழித்து அவள் சொன்னது இவ்வளவுதான்:

"எனக்கு அதெல்லாம் தெரியாதுய்யா. நாளைக்கும் உலை வைக்கணும். அப்பவும் ஒரு பிடி எடுப்பேன். அது தெரியும்."

இரண்டு நாள் கழித்து, பொழுது சாய்கிற நேரத்தில் உபதேசியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜெபம் செய்தார். போகும்போது, திண்ணையில் ஒரு சாக்குப் பையை வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் நான் பையை அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே அரிசி. ஆனால் கடையில் கிடைக்கிற மாதிரி ஒரே ஜாதி அரிசியல்ல. வெள்ளைச் சம்பா இருந்தது, சிவப்பு மட்டை அரிசி இருந்தது, ரேஷன் கடைப் பச்சரிசி இருந்தது, நொய் இருந்தது, நடு நடுவே கம்பும் கிடந்தது. பார்த்தவுடனே எனக்கு விளங்கிவிட்டது. ஊரில் உள்ள வீடுகளின் பிடி அரிசிகளையெல்லாம் சேர்த்துக் கட்டிய பை அது. கம்பு போடுகிற வீடு எதுவென்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த அரிசியை அம்மா அன்றிரவு வடித்தாள். சமையல் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: பச்சரிசி குழைந்து களியாயிற்று, சிவப்பரிசி பல்லில் நெறுநெறுவென்றது, கம்பு வேகவே இல்லை. அப்பேர்ப்பட்ட சோற்றை நான் அதற்கு முன்னாலும் சாப்பிட்டதில்லை, பின்னாலும் சாப்பிட்டதில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஒன்று கவனித்தேன். அந்த அரிசியிலிருந்தும் ஒரு பிடி எடுத்து அம்மா கலயத்தில் போட்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவங்க கொடுத்ததையே அவங்களுக்குத் திருப்பிக் கொடுக்கியா?" என்றேன்.

"ஆமா. வாங்கித் திங்கிறவ என்று மட்டும் நான் ஆகிறக் கூடாதுல்லா?" என்றாள் அம்மா.

இந்த வார்த்தையின் கனம் அப்போது எனக்குப் புரியவில்லை. கஷ்டம் ஒரு மனுஷனிடமிருந்து முதலில் பணத்தை எடுத்துக் கொள்கிறது. பிறகு சோற்றை எடுத்துக் கொள்கிறது. கடைசியில், தானும் பிறருக்குக் கொடுக்கத் தகுதியுள்ளவன் என்கிற எண்ணத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. அந்தக் கடைசிப் பொருளை என் தாயார் பறிகொடுக்க மறுத்தாள். அவள் விசுவாசம் அந்த ஒரு பிடிக்குள் இருந்தது.

அந்த வருஷமும் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு என்னை இடையன்குடி கோவிலுக்கு அழைத்துப் போனாள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்தப் பெரிய கல் ஆலயத்தின் தூண்களை அண்ணாந்து பார்த்தபடி நான் உட்கார்ந்திருந்தேன். இந்த ஆலயத்தைக் கட்டி முடிப்பதற்கு முப்பத்து மூன்று வருஷமாயிற்று என்பதை அங்கே எல்லாரும் சொல்வார்கள். 1847-ல் தொடங்கி 1880-ல் பிரதிஷ்டை ஆயிற்று. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் வெளியிட்ட கால்டுவெல் ஐயரைத் தமிழுலகம் அறியும். 1841-ல் சென்னையிலிருந்து கால்நடையாகவே புறப்பட்டு இந்தத் தேரிக்காட்டுக்கு வந்து சேர்ந்தவர் அவர். வெகு காலம் இங்கே வாழ்ந்து, 1891-ல் கொடைக்கானலில் காலமாகி, இதே ஆலயத்தில் அடக்கமானார். அவர் செய்ததெல்லாம் சரியென்று சொல்ல மாட்டேன். பனையேறி மக்களைப் பற்றி 1849-ல் அவர் எழுதிய புத்தகம் அந்த மக்களின் மனத்தைப் புண்படுத்தியது. ஆனால் அந்த மக்களும் போய்விடவில்லை, அவரும் போய்விடவில்லை, கட்டிடமும் நின்றுவிடவில்லை. அதற்கிடையில்தான் 1876 முதல் 1878 வரையில் சென்னை மாகாணத்தை அழித்த தாது வருஷத்துப் பஞ்சமும் வந்து போயிற்று.

முப்பத்து மூன்று வருஷம் என்றால் என்ன அர்த்தம்? அஸ்திவாரத்துக்குக் கல் சுமந்த வாலிபன் கிழவனாகிவிட்டான். சுமந்தவர்களில் பாதிப் பேர் கூரையைப் பார்க்காமலே கண்ணை மூடியிருப்பார்கள். அவர்களுக்கு அன்றன்றைக்குத் தெரிந்ததெல்லாம் அன்றைக்கு வைக்க வேண்டிய கல் ஒன்றுதான். "நாளைக்கும் உலை வைக்கணும், அப்பவும் ஒரு பிடி எடுப்பேன்" என்று அம்மா சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இப்படியெல்லாம் அன்றைக்கே நான் ஞானோதயம் பெற்றுவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். நான் படித்தேன், உபகாரச் சம்பளம் கிடைத்தது, தமிழ் வாத்தியாரானேன். பாளையங்கோட்டையில் குடியேறி, ஊசிக்கோபுரம் தெரிகிற தூரத்தில் வாடகைக்கு வீடு பிடித்தேன். பக்கத்தூரான கரையிருப்பில் 1827-ல் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ தரம் பாடம் சொல்லியிருக்கிறேன். 1894-ல் வெளியான அந்தக் காவியத்துக்கு மூலம் ஜான் பனியன் ஆங்கிலத்தில் எழுதிய மோட்சப் பிரயாணம் என்பதையும் சொல்வேன். அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்த குற்றத்துக்காகப் பனியன் 1660 முதல் 1672 வரையில் பெட்போர்டு சிறையில் கிடந்தார். வீட்டில் கண்ணில்லாத பெண் குழந்தை. சிறைக்குள்ளிருந்தே நாடாக்கள் செய்து விற்று அவர் குடும்பத்துக்குக் கொடுத்தார். அவருடைய புத்தகம் 1678-ல் வெளியாயிற்று. இவ்வளவையும் கரும்பலகையில் வருஷத்தோடு எழுதிப் போடுவேன். ஓலைப்பெட்டி முடைந்த என் தாயாரின் நினைவு ஒரு நாளாவது எனக்கு வந்ததா? வரவில்லை. பாடம் சொல்லிக் கொடுத்தேன், கற்றுக்கொள்ளவில்லை.

அதைக் கற்கும் காலம் 2018-ல் வந்தது. ஒரு நாள் காலையில் என் மனைவி, காபித் தம்ளரை என்னிடம் நீட்டியவள், அதைக் கீழே போட்டாள். "என்ன?" என்று கேட்டேன். வாய் அசைந்தது, வார்த்தை வரவில்லை. பக்கவாதம். மூளையின் இடது பாதியில் இரத்த ஓட்டம் தடைப்பட்டால் வலது கை கால்களோடு பேச்சும் சேர்ந்து போவதுண்டு என்று வைத்தியர் விளக்கினார். முப்பத்தெட்டு வருஷம் ஓயாமல் பேசிக் கொண்டிருந்தவள் அவள். "கொஞ்சம் பேசாமல் இரேன்" என்று நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! அந்த ஒவ்வொரு தரமும் இப்போது என் முன்னால் வந்து நின்றது.

அவளைத் தூக்க, துடைக்க, ஊட்ட, உடுத்த, எல்லாவற்றுக்கும் நான் ஒருவன்தான். சமையலும் என் தலையில் விழுந்தது. பிள்ளைகள் தூர தேசத்தில். முதல் வருஷத்தில் நான் ஜெபம் செய்ததற்கு அளவில்லை. இரண்டாம் வருஷத்தில் ஜெபத்தில் கேள்விகள் அதிகமாயின. பிறகு கேள்விகளும் நின்று போயின. என்னைப் பார்க்க வந்த சிநேகிதர் ஒருவர், "கடவுள் தமக்குப் பிரியமானவர்களைத்தான் சோதிப்பார்" என்றார். "அப்படியானால் என்மேல் கொஞ்சம் பிரியத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்று சொல்லி அவரை அனுப்பினேன். நல்ல மனுஷர். பிறகு வரவேயில்லை.

2020 மார்ச்சு மாதத்தில் ஊரடங்கு வந்தது. ஆலயம் மூடப்பட்டது. கைகால் பயிற்சி சொல்லிக் கொடுக்க வந்தவர் நின்றார். வேலைக்காரியும் வர முடியவில்லை. ஒரு நாள் மத்தியானம் அரிசி அளக்கும்போது, 'கோவிலே மூடியிருக்கிறது. யாருக்காகப் பிடி அரிசி?' என்று நினைத்து, அத்தனையையும் உலையில் போட்டுவிட்டேன். காரணம் நியாயமானதுதான். ஆனால் அது காரணமல்ல என்று எனக்கே தெரியும். எனக்குள் ஏதோ ஒன்று அணைந்து போயிருந்தது, அவ்வளவுதான். மறுநாளும் போடவில்லை.

மூன்றாம் நாள் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். அரிசியை அளந்து மேடைமேல் வைத்தேன். அவள் ஏதோ சத்தம் செய்தாள். தண்ணீர் வேண்டுமாக்கும் என்று கொடுத்தேன். தலையை ஆட்டினாள். விசிறியைப் போட்டேன். மறுபடியும் தலையை ஆட்டினாள். எனக்குக் கோபம் வந்தது. "என்னதான் வேண்டும் உனக்கு?" என்று கத்திவிட்டேன். அவள் பதில் சொல்லாமல், இடது கையை நீட்டி, அரிசிக்குள் விட்டாள். வலக்கைக்காரி, இடது கைக்குப் பழக்கம் போதாது. ஒரு பிடி அள்ளினாள். விரல்களின் வழியே பாதி சிந்திப் போயிற்று. மிச்சத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உப்பு ஜாடிக்குப் பக்கத்திலிருந்த டப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

வாங்கிச் சாப்பிடுகிறவள் என்று மட்டும் தான் ஆகிவிடக்கூடாது என்று அவளும் நினைத்திருக்கிறாள். இரண்டு வருஷமாக நான் அவளுக்கு ஊட்டிக் கொண்டிருந்தேன். கொடுப்பதற்கு அவளிடமும் ஒரு கை இருக்கிறது என்பதை நான் ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. டப்பாவை எடுத்து அவள் மடியில் வைத்தேன். கீழே உட்கார்ந்து, சிந்தியதைப் பொறுக்கினேன். பொறுக்கி முடிக்க வெகு நேரமாயிற்று. கண் சரியாகத் தெரியவில்லை.

கோவில் மூடியிருந்ததால், அந்த வாரத்து அரிசியை எங்கள் தெருவில் இஸ்திரி போடுகிறவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊரே வீட்டுக்குள் இருக்கும்போது சட்டைக்கு யார் இஸ்திரி போடுகிறார்கள்? அவர் கூச்சத்தோடு வாங்கிக் கொண்டார். மாரியம்மன் கோவில் கொடைக்கு வருஷந் தவறாமல் கூழ் ஊற்றுகிறவர் அவர். இரண்டு நாள் கழித்துக் காலையில் கதவைத் தட்டினார். "சார், அக்காவைத் தூக்கி உட்கார வைக்க நீங்க ஒத்தையிலே சிரமப்படுறதை ஜன்னல் வழியாப் பார்த்தேன். எனக்கு இப்போ வேலையும் இல்லை. ஒரு கை பிடிக்கட்டுமா?" என்றார். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து, ஒரு கை பிடித்தார். அன்று முதல் இன்று வரையில், அவருக்கு வேலை திரும்பி வந்து எத்தனையோ காலமான பிறகும், காலையில் அவர் வராமல் இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பனியனின் கதையில், மோட்சப் பிரயாணி புறப்பட்ட சில நாழிகைக்கெல்லாம் அவநம்பிக்கை என்னும் சேற்றில் விழுந்து முழுகுகிறான். அப்போது 'உதவி' என்னும் பெயருள்ள ஒருவன் வந்து கை கொடுத்துக் கரையேற்றுகிறான். இந்த இடத்தை வகுப்பில் நான் உருவக அணிக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். உருவகமாவது! எங்கள் தெருவில் அவர் இஸ்திரிப் பெட்டியும் கையுமாக நடமாடிக் கொண்டிருக்கிறார்.

பவுல் அப்போஸ்தலர் ரோமாபுரியாருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு ஏணியைச் சாத்துகிறார். உபத்திரவம் என்கிற கீழ்ப்படியிலிருந்து பொறுமைக்கும், பொறுமையிலிருந்து பரீட்சையில் நின்ற குணத்துக்கும், அதிலிருந்து நம்பிக்கைக்கும் ஏறலாம் என்கிறார். மூன்று தரம் கப்பற்சேதத்தில் அகப்பட்டு, பல தரம் சிறையில் கிடந்தவர் எழுதியது. ஆகவே உபத்திரவத்தைத் தாண்டிக் குதிக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. பொறுமை என்றால் நாம் சும்மா சகித்துக்கொண்டு கிடப்பது என்று நினைக்கிறோம். தமிழில் 'பொறு' என்றால் சுமப்பது என்று அர்த்தம். சுமக்கிறவன் நடந்து கொண்டிருக்கிறான். பரிசுத்த ஆவியானவருக்குத் தமிழ் வேதாகமத்தில் 'தேற்றரவாளன்' என்று ஒரு பெயர் உண்டு. தேற்றுவது என்றால் ஆறுதல் சொல்வது. தேறுவது என்றாலோ நோயிலிருந்து எழுவதும், பரீட்சையில் வெற்றி பெறுவதும் ஆகும். ஒரே வேர். இவ்வளவு காலம் தமிழ் வாத்தியாராக இருந்தும் இந்த வேரை நான் தோண்டிப் பார்த்ததில்லை.

என் மனைவிக்குப் பேச்சு திரும்பி வரவில்லை. இரண்டொரு சொற்கள் வருகின்றன. அவை எனக்கு மட்டும் விளங்கும். வலது கை அப்படியேதான் இருக்கிறது. ஆகவே, விசுவாசத்தினால் நோய் தீர்ந்தது என்று சாட்சி சொல்ல எனக்கு உரிமையில்லை. அன்றைக்கு அம்மாவைக் கேட்ட கேள்வியை இன்றைக்கு யாராவது என்னைக் கேட்டால் நானும் அவளைப் போலத்தான் சும்மா இருப்பேன். ஆனால் சாறிபாத் விதவையின் பானையைப் பற்றி மட்டும் ஒரு சங்கதி சொல்வேன். குறையாத பானை எங்கள் வீட்டில் இருக்கவில்லை. அது ஊர் முழுவதிலும் பரவிக் கிடந்தது. எல்லா வீட்டுப் பானைகளும் ஒரே நாளில் காலியாகிவிடுவதில்லை. ஒவ்வொருவரும் நம்முடைய ஒரு பிடியைப் போட்டு வைத்திருந்தால், நம் முறை வருகிறபோது, வெள்ளையும் சிவப்பும் கம்புமாகக் கலந்த ஒரு பை திண்ணைக்கு வந்து சேருகிறது. அந்தச் சோறு ஒரே பதமாக வேகாது. ஆனாலும் பசி தீர்ந்துவிடுகிறது.

அம்மா காலமாகி வெகு காலமாயிற்று. அவளுடைய மண்கலயம் எப்போதோ உடைந்து போயிற்று. அதன் வேலையைத் துருப்பிடித்த பிஸ்கோத்து டப்பா செய்கிறது. இனிமேல் யாராவது உறவினர் அதைத் தூக்கி எறியச் சொன்னால், இந்தக் கட்டுரையைக் கையில் கொடுத்துவிடலாம் என்று உத்தேசம்.

மணி பதினொன்றரை ஆகிறது. உலை கொதிக்கிற சத்தம் கேட்கிறது. சமையலறையில் அவள் இடது கையை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறாள். வாசகர்கள் எனக்கு விடை கொடுக்க வேண்டும். அரிசி அளக்கப் போகிறேன்.